தக்காளி பூத்தும் காய்க்காதது ஏன்? துணை வெப்பமண்டல வீட்டுத்தோட்டத்தின் காலக்கணக்கு

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: குளிர்காலம் லேசாகவும் கோடை கொதிப்பாகவும் இருக்கும் ஊருக்குப் புதிதாகக் குடிவந்திருக்கிறீர்கள், வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் நிலம் இருக்கிறது, விதைப் பொட்டலத்தின் பின்னால் போட்டிருந்தபடி குளிர் விட்டதும் எல்லாவற்றையும் ஒன்றாக விதைத்தீர்கள். தக்காளி ஆளுயரம் வளர்ந்து பூத்துப் பூத்துக் கொட்டுகிறது, ஒரு பிஞ்சு நிற்கவில்லை. முட்டைக்கோஸ் இலை விரித்ததோடு சரி, உருண்டை கட்டவே இல்லை. கொத்தமல்லி ஒரு சாண் வளர்வதற்குள் பூ எடுத்துவிட்டது. மண்ணில் என்ன குறை, எந்த உரம் போடலாம், இல்லை எனக்குக் கைராசியே இல்லையா என்று கேட்கிறீர்கள்.

இப்போதைக்கு எந்த உரமும் வேண்டாம். ஆளுயரம் வளர்ந்த தக்காளிக்கு மண்ணில் என்ன குறை இருந்துவிடப் போகிறது? மூன்று செடிகளும் காலம் தவறி விதைக்கப்பட்டவை. அந்தப் பொட்டலத்தில் இருந்த நாட்காட்டி, கோடை மட்டுமே விளைச்சல் காலமாக இருக்கும் குளிர்நாடுகளுக்காக எழுதியது. அங்கே பனி உருகியதும் விதைத்து, பனி விழுவதற்குள் அறுத்துவிட வேண்டும். உங்களுக்கு அப்படி இல்லை. துணை வெப்பமண்டலத்தில், அதாவது கடக மகர ரேகைகளிலிருந்து கிட்டத்தட்ட 35 பாகை வரை உள்ள வெதுவெதுப்பான பகுதிகளில், ஆண்டு முழுக்கத் தோட்டம் ஓடும். ஆனால் ஒரே வகைச் செடி ஆண்டு முழுக்க ஓடாது. குளிர் பருவத்துக்கு ஒரு கூட்டம், வெக்கைக்கு ஒரு கூட்டம், இரண்டுக்கும் இடைப்பட்ட குறுகிய நாட்களுக்குத் தக்காளி போன்ற ஒரு கூட்டம். இந்தப் பிரிவு மனதில் பதிந்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

தக்காளியையே எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் பகல் வெயிலைத்தான் பார்க்கிறார்கள், பார்க்க வேண்டியது இரவு. இரவு வெப்பம் 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்காமல், பகலும் 32, 35 என்று போனால் மகரந்தம் சரியாக உருவாகாது, உருவானாலும் முளைக்காது. சூல் பிடிக்காத பூவைச் செடி காம்போடு கழற்றிவிடும். காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் மகரந்தம் கட்டிக்கொண்டு உதிராது, அது இன்னொரு தடை. மறுபக்கம் இரவு 13 டிகிரிக்குக் கீழே போனாலும் காய் பிடிப்பு குறையும். ஆக, இரவுகள் 15 முதல் 21 வரை இருக்கும் வாரங்கள்தான் தக்காளி பூக்க வேண்டிய வாரங்கள். விதைத்து, நாற்று எடுத்து நட்டு, பூ வருவதற்கு எப்படியும் இரண்டரை மாதம் பிடிக்கும். அதனால் பூக்க வேண்டிய வாரத்தை முதலில் குறித்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணி விதைக்கும் நாளைக் கண்டுபிடியுங்கள். பெரும்பாலான துணை வெப்பமண்டல ஊர்களில் இதற்கு ஆண்டுக்கு இரண்டு வாய்ப்பு கிடைக்கும்: கோடையின் கடைசியில் விதைத்துக் குளிர் தொடங்கும்போது பறிப்பது ஒன்று, குளிரின் நடுவில் மூடிய இடத்தில் நாற்று வளர்த்து வெயில் ஏறுவதற்குள் பறிப்பது இன்னொன்று. உறைபனி விழும் ஊர் என்றால் முதல் வாய்ப்பு சற்று நெருக்கடியானது, சீக்கிரம் காய்க்கும் ரகமாகப் பார்த்து எடுக்க வேண்டும்.

வெக்கையில் கட்டாயம் தக்காளி வேண்டும் என்றால் சிறு பழத் தக்காளி (செர்ரி வகை) வையுங்கள், பெரிய பழ ரகங்கள் கைவிடும் நேரத்திலும் அவை ஓரளவு காய் பிடிக்கும். அப்புறம் ஒரு விஷயம். 30 டிகிரிக்கு மேல் சிவப்பு நிறமியான லைகோபீன் சரியாக உருவாகாது, மஞ்சள் நிறமி மட்டும் உருவாகிக்கொண்டே இருக்கும். கோடைத் தக்காளி செடியிலேயே இருந்தும் சிவக்காமல் ஆரஞ்சாக நிற்பது அதனால்தான். நிறம் லேசாகத் திரும்பியதுமே பறித்து வீட்டுக்குள் நிழலில் வைத்தால் நன்றாகவே சிவக்கும்.

இந்தக் கணக்கு மற்றச் செடிகளுக்கும் பொருந்தும். குடைமிளகாயும் பீன்ஸும் ஏறக்குறைய தக்காளி குணம், 32 டிகிரியைத் தாண்டினால் பூ கொட்டும். மிளகாய் இன்னும் கொஞ்சம் தாங்கும். கத்தரி நன்றாகவே தாங்கும்.

குளிர் பருவம்தான் உங்கள் தோட்டத்தின் பெரிய பருவம் என்பது என் உறுதியான கருத்து. முட்டைக்கோஸ், காலிஃபிளவர், புரோக்கோலி, கேரட், பீட்ரூட், முள்ளங்கி, பட்டாணி, பாலக்கீரை, லெட்டூஸ், கொத்தமல்லி, வெங்காயம், பூண்டு, உருளை என்று எல்லாம் அப்போதுதான். களை குறைவு, பூச்சி குறைவு, தண்ணீர் செலவும் குறைவு. ஒரே ஒரு சிக்கல், இவற்றுக்கு நாற்று விட வேண்டிய நேரம் கோடையின் வால் பகுதியில் வருகிறது. வெளியே இன்னும் 33 டிகிரி அடிக்கும்போது குளிர்காலச் செடிக்கு விதை போட வேண்டும். குளிர் வரட்டும் என்று காத்திருந்தால் பருவத்தில் பாதி போய்விடும், முட்டைக்கோஸ் உருண்டை கட்டும் நேரத்தில் மறுபடி வெயில் வந்து நிற்கும்.

அதனால் நாற்றங்காலை மட்டும் நிழலுக்குக் கொண்டுபோங்கள். காலை வெயில் மட்டும் விழும் இடம், அல்லது 50 விழுக்காடு நிழல்வலை, கூடவே பூச்சி புகாத மெல்லிய வலை. முட்டைக்கோஸ் குடும்ப விதைகள் சூட்டிலும் முளைத்துவிடும், முளைத்த பிறகுதான் வாடும். 4 முதல் 6 வாரத்தில் நடுகைக்குத் தயார். லெட்டூஸ் அப்படியல்ல. 28, 30 டிகிரிக்கு மேல் ஈரம் பட்டால் அந்த விதை முளைக்காமல் உறங்கப் போய்விடும், நீங்கள் விதை செத்துவிட்டது என்று நினைப்பீர்கள். ஈரத்துணியில் பரப்பி இரண்டு நாள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டு மாலையில் விதையுங்கள், மண்ணால் ஆழமாக மூடாதீர்கள், பெரும்பாலான லெட்டூஸ் ரகங்களுக்கு முளைக்க வெளிச்சம் வேண்டும். பாலக்கீரைக்கும் இந்தக் குளிரூட்டல் உதவும். கேரட்டைப் பிடுங்கி நட முடியாது, நேரடி விதைப்புதான். முளைக்க 10 முதல் 20 நாள் ஆகும், அந்த நாட்களில் மேல்மண் ஒரு மதியம் காய்ந்தாலும் முளை கருகிவிடும். விதைத்து நனைத்ததும் பாத்தி மேல் ஈரச் சாக்கை விரித்துவிட்டு, ஒருவாரம் ஆனதிலிருந்து தினமும் தூக்கிப் பார்த்து, முதல் பச்சை தெரிந்த அன்றே மாலையில் சாக்கை எடுத்துவிட வேண்டும். புது எரு போட்ட மண்ணிலும் கல் உள்ள மண்ணிலும் கேரட் கவை கவையாகப் பிரியும், போன பருவம் எரு போட்ட பாத்தியே அதற்குப் போதும்.

காலிஃபிளவரில் ரகம்தான் எல்லாம். முன்பருவ ரகங்கள் 20 டிகிரிக்கு மேலான வெப்பத்திலும் பூ கட்டும், பின்பருவ ரகங்களுக்கு நல்ல குளிர் வேண்டும். முன்பருவ ரகத்தைத் தாமதமாக நட்டால் செடி வளர்வதற்குள் பொத்தான் அளவில் பூ கட்டிவிட்டு நின்றுவிடும். வயது முற்றிய நாற்றை நட்டாலும் அதே கதி. விதை வாங்கும்போது எத்தனை நாள் ரகம், எந்தப் பருவத்துக்கு என்று கேட்காமல் வாங்காதீர்கள்.

வெங்காயத்தைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் ஏமாந்தவர்கள் நிறைய. வெங்காயம் எப்போது குமிழ் கட்டும் என்பதை முக்கியமாகத் தீர்மானிப்பது பகலின் நீளம். குறும்பகல் ரகங்கள் பகல் 10 முதல் 12 மணி நேரம் ஆகும்போது குமிழ் கட்டத் தொடங்கும், இடைநிலை ரகங்களுக்கு 12 முதல் 14, நீள்பகல் ரகங்களுக்கு 14 முதல் 16 மணி நேரம். 30 பாகை அகலாங்கில் ஆண்டின் மிக நீண்ட பகலே ஏறக்குறைய 14 மணி நேரம்தான். குளிர்நாட்டு நீள்பகல் ரகத்தை அங்கே நட்டால், தலைகீழாக நின்றாலும் தாள் மட்டும்தான் கிடைக்கும். ஆகவே குறும்பகல் ரகமாகப் பார்த்து, கோடை முடிந்து இரவுகள் இதமாகும்போது நாற்று விட்டு, குளிர் முழுக்க இலை வளர விட்டு, பகல் நீளத் தொடங்கும்போது குமிழ் கட்ட வைக்க வேண்டும். ஒரு இலைக்குக் குமிழில் ஒரு அடுக்கு, அதனால் பகல் நீள்வதற்குள் எத்தனை இலை வந்திருக்கிறதோ அந்த அளவுக்குத்தான் காய் பருக்கும். அதற்காக ரொம்ப முன்னதாகவே விதைத்துவிடவும் கூடாது. கடுங்குளிர் வரும்போது தண்டு பென்சில் பருமனைத் தாண்டியிருந்தால், அந்தக் குளிரைச் செடி ஒரு முழுக் குளிர்காலமாக எடுத்துக்கொண்டு, வெயில் வந்ததும் பூந்தண்டு விட்டுவிடும். முட்டைக்கோஸ், பீட்ரூட், கேரட் எல்லாம் இரண்டாண்டுச் செடிகள், முதல் ஆண்டு இலை விட்டு, ஒரு குளிரைக் கடந்த பிறகு பூப்பவை, அவையும் இதே மாதிரி ஏமாந்து பூக்கும். பூண்டுக்கு நேர்மாறான தொல்லை, குளிர் போதாமல் பல் பிரியாது. லேசான குளிர் உள்ள ஊரில் பற்களை நடுவதற்கு முன் நான்கைந்து வாரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டு நட்டால் பிரியும்.

கொத்தமல்லி வெயிலிலும் நீள்பகலிலும் பூக்கத்தான் செய்யும், அதைத் தடுக்க வழியில்லை. குளிர் பருவத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக்கொண்டே இருங்கள், போதும். உருளைக்குக் குளிர்ந்த இரவுகள் வேண்டும், 20 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் கிழங்கு நன்றாக இறங்கும்.

இப்போது வெக்கைப் பருவம். வெண்டை, கத்தரி, காராமணி, கொத்தவரை, தண்டுக்கீரை, முளைக்கீரை, கொடிப்பசலை, வள்ளைக்கீரை, பாகல், புடல், பீர்க்கு, சுரை, பூசணி, சர்க்கரைவள்ளி, சேப்பங்கிழங்கு. இவையெல்லாம் சூட்டுக்குப் பிறந்தவை. கோடையில் லெட்டூஸுக்கு நிழல்பந்தல் போட்டு, மூன்று வேளை தண்ணீர் தெளித்து, கடைசியில் கசப்பு இலையைப் பறிப்பதை விட, கொடிப்பசலையின் ஒரு தண்டை ஒடித்து ஊன்றிவிட்டு மற்ற வேலையைப் பார்க்கலாம். முளைக்கீரை 25, 30 நாளில் பறிப்புக்கு வரும். வெண்டைக்கு மண் 20 டிகிரியாவது இருக்க வேண்டும், குளிர்ந்த மண்ணில் அவசரப்பட்டு ஊன்றினால் விதை அழுகும். பூ விரிந்த நான்கிலிருந்து ஆறு நாளில் காயைப் பறித்துவிடுங்கள், ஒன்றிரண்டு முற்றவிட்டாலே செடி விதையை முடிப்பதில் இறங்கிவிடும், புதுப் பூ குறையும். கத்தரி உறைபனி இல்லாத இடத்தில் பல மாதம் நிற்கும், காய்ப்பு ஓய்ந்ததும் பாதி உயரத்துக்கு வெட்டி எரு வைத்தால் மறுதாம்பு தழைக்கும்.

கொடிகளில் பூ நிறைய, காய் இல்லை என்ற புகார் அடுத்து வரும், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பூசணிக் குடும்பத்தில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. முதல் ஒன்றிரண்டு வாரம் ஆண் பூக்கள்தான் வரும், அதுவும் பகல் நீண்டு வெப்பம் கூடிய நாட்களில் ஆண் பூ இன்னும் அதிகமாகும். பெண் பூவின் அடியில் குட்டிக் காய் போன்ற சூல்பை இருக்கும், ஆண் பூவுக்கு வெறும் காம்பு. தேனீ குறைவான இடத்தில் நாமே மகரந்தம் வைக்கலாம்: அன்று விரிந்த ஆண் பூவைப் பறித்து, இதழ்களைக் கிழித்துவிட்டு, நடுவில் இருக்கும் மஞ்சள் பொடி படிந்த தண்டைப் பெண் பூவின் நடுப்பகுதியில் மெதுவாக முழுவதும் படும்படி தேய்க்க வேண்டும். ஒரு ஆண் பூ இரண்டு மூன்று பெண் பூவுக்குப் போதும். ஆனால் நேரம் தெரிய வேண்டும். மஞ்சள் பூசணி விடியற்காலையில் விரிந்து மதியத்துக்குள் கூம்பிவிடும், பாகலும் வெள்ளரியும் காலைதான். சுரையும் பீர்க்கும் மாலையில் விரியும், புடல் இருட்டிய பின் வெள்ளை இழைகளை விரிக்கும், அவற்றுக்கு அந்துப்பூச்சிகள் வர வேண்டும். காலை ஏழு மணிக்குச் சுரைப்பூவோடு போராடிப் பயனில்லை, பொழுது சாய்ந்த பிறகு போங்கள்.

இடம் தேர்ந்தெடுப்பதில் ஒரு கணக்கு. 30 பாகை அகலாங்கில் கடுங்குளிர் நாட்களில் நண்பகல் சூரியன் தொடுவானத்திலிருந்து 36 அல்லது 37 பாகை உயரம்தான் ஏறும், நடுக்கோடையில் 83 பாகைக்கு மேல், கிட்டத்தட்ட உச்சந்தலையில். 3 மீட்டர் உயரச் சுவரின் நண்பகல் நிழல் கோடையில் ஒரு முழம்கூட இருக்காது, குளிரில் 4 மீட்டர் நீளும். கோடையில் பார்த்து நல்ல வெயில் இடம் என்று பாத்தி கட்டினால், குளிரில் அந்த இடம் முழுக்க நிழலில் கிடக்கும், அதுவும் உங்கள் பெரிய பருவத்தில். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இருப்பவர்களுக்குக் குளிர்காலச் சூரியன் தெற்கு வானில், ஆகவே குளிர்காலப் பாத்தி வீட்டுக்குத் தெற்கே. தெற்கே இருப்பவர்களுக்கு வடக்கே. காய் காய்க்கும் செடிக்கு 6 மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும், கீரைக்கு 4 போதும். இரு பக்கத்தாருக்கும் பொதுவானது மேற்கு வெயில், கோடைப் பிற்பகலில் செடியை வாட்டுவது அதுதான். தோட்டத்தின் மேற்கு ஓரத்தில் சுரைக்கோ பீர்க்குக்கோ பந்தல் போட்டுவிட்டால் உள்ளே இருக்கும் செடிகளுக்கு மாலை நிழல் தானாகக் கிடைக்கும், குளிர் வரும்போது கொடி காய்ந்து வெயிலுக்கு வழிவிடும்.

சரி, மண்ணுக்கு வருவோம். இங்கே மண்ணில் போடும் மக்கிய உரம் நிற்காது. வெப்பம் 10 டிகிரி கூடினால் மட்கும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும், குளிர்நாட்டில் ஒருமுறை போட்டால் இரண்டு மூன்று ஆண்டு பேசும் எரு இங்கே ஒரே கோடையில் கரைந்துவிடும். அதோடு கனமழை பெய்தால் தழைச்சத்தும் சாம்பல்சத்தும் கீழே இறங்கிவிடும், சுண்ணாம்புச் சத்தும் அடித்துப் போவதால் நாளடைவில் மண் புளிக்கும். ஆண்டுக்கு ஒருமுறை நிறையக் கொட்டுவதை விட ஒவ்வொரு பயிர் மாற்றத்தின்போதும் இரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்புங்கள். ஒரு சதுர மீட்டருக்கு 20 லிட்டர், அதாவது பெரிய வாளி நிறைய. மண்ணின் கார அமிலத் தன்மை (pH) 6-க்கும் 6.8-க்கும் நடுவில் இருந்தால் எல்லாக் காய்கறிக்கும் சரி. சோதித்துப் பார்க்காமல் சுண்ணாம்பு மட்டும் போடாதீர்கள், கூடிப்போனால் இரும்பும் துத்தநாகமும் செடிக்குக் கிடைக்காமல் இளம் இலை வெளுக்கும், அதைத் திருப்புவது பெரும்பாடு.

மூடாக்கு இல்லாத பாத்தி கோடையில் வேண்டவே வேண்டாம். காய்ந்த இலை, வைக்கோல், வெட்டிய புல், எது கிடைத்தாலும் 5 முதல் 8 சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பி, தண்டைச் சுற்றி இரண்டு விரல் இடைவெளி விடுங்கள், ஒட்டிக் கிடந்தால் தண்டு அழுகும். வெறும் மண் மதிய வெயிலில் கை வைக்க முடியாமல் சுடும்; அதே பாத்தியில் மூடாக்கை விலக்கித் தொட்டால் ஈரமும் குளிர்ச்சியுமாக இருக்கும், மண்புழு மேலேயே நெளியும். அந்த வேறுபாட்டை ஒருதரம் கையால் தொட்டுப் பார்த்துவிட்டால் பிறகு யாரும் சொல்ல வேண்டியதில்லை. காலியாகக் கிடக்கும் பாத்தியில் சணப்பையோ காராமணியோ நெருக்கமாக விதைத்து, பூ எடுக்கத் தொடங்கும்போது, கிட்டத்தட்ட 45 முதல் 60 நாளில், வெட்டி அங்கேயே போடுங்கள். தழைச்சத்துக்குக் காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டியதில்லை.

தண்ணீர்க் கணக்கு எளிது. ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். வெயிலும் காற்றும் உள்ள கோடை நாளில் நன்றாக வளர்ந்த பாத்தி 5 முதல் 7 மில்லிமீட்டர் வரை இழக்கும், அப்படியானால் சதுர மீட்டருக்கு 5 முதல் 7 லிட்டர். தினமும் பூவாளியால் மேலாகத் தெளிப்பது வேரை மேலேயே வைத்துப் பழக்கிவிடும், இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஆழமாக விடுங்கள், காலையில். மதியம் பூசணி இலை தொங்கினால் பதறாதீர்கள், மாலையில் நிமிர்ந்துவிட்டால் தாகம் இல்லை. காலையிலேயே தொங்கினால்தான் கவனிக்க வேண்டும். தக்காளியின் அடிப்பக்கம் கறுத்துத் தோல் போல ஆவதும் பெரும்பாலும் தண்ணீர் ஒழுங்கின்மைதான். சுண்ணாம்புச் சத்து தண்ணீரோடுதான் காய்க்குப் போகும், ஒருநாள் காய்ச்சல் ஒருநாள் பாய்ச்சல் என்று இருந்தால் மண்ணில் இருந்தும் போய்ச் சேராது. மழைக்காலத்தில் எதிர்ப்பிரச்சினை, 20 முதல் 30 சென்டிமீட்டர் உயர்ந்த மேட்டுப்பாத்தி கட்டி வடிகால் வெட்டிவிடுங்கள்.

நோய் விஷயத்தில் குளிர்நாட்டுத் தோட்டக்காரர்கள் அதிகம் அறியாத மூன்று எதிரிகள் நமக்கு உண்டு.

முதலாவது பாக்டீரியா வாடல். தக்காளியோ கத்தரியோ மிளகாயோ, இலை மஞ்சளாகாமல், பச்சையாக இருக்கும்போதே திடீரென்று துவளும். ஒருநாள் மாலையில் எழும், மறுநாள் எழாது. சந்தேகம் இருந்தால் தரையை ஒட்டித் தண்டை அறுத்து, ஒரு விரல் நீளத் துண்டைக் கண்ணாடிக் குவளையில் தெளிந்த தண்ணீரில் நுனி மட்டும் நனையும்படி அசையாமல் பிடியுங்கள். சில நிமிடத்தில் அறுத்த இடத்திலிருந்து பால் போன்ற மெல்லிய இழை கீழே இறங்கினால் அதுதான். மருந்து கிடையாது, எந்த மருந்தும் வாங்கி ஏமாற வேண்டாம். செடியை வேரோடு எடுத்து எரித்துவிட்டு, அந்த இடத்தில் பல ஆண்டுகள் இந்தக் குடும்பச் செடிகளை வைக்காமல் இருக்க வேண்டும், கிருமி மண்ணிலேயே கிடக்கும். சிறிய தோட்டத்தில் அது முடியாது என்றால் ஒட்டு நாற்றுதான் வழி. சுண்டைச் செடியின் வேர் இந்த வாடலையும் நூற்புழுவையும் நன்றாகத் தாங்கும், அதன் மேல் கத்தரியை ஒட்டுக் கட்டலாம். தக்காளிக்கு, தைவானில் 1971-இல் தொடங்கப்பட்ட உலகக் காய்கறி மையம் வெப்பமும் மழையும் சேர்ந்த பருவத்துக்கு வாடல் தாங்கும் கத்தரி வேரில் தக்காளியை ஒட்டுக் கட்டும் முறையைப் பரப்பியது. கத்தரி வேர் தண்ணீர் தேங்கினாலும் தக்காளி வேரைவிட அதிக நேரம் தாக்குப்பிடிக்கும் என்பது கூடுதல் ஆதாயம். ஒட்டு இடம் மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும், மண் அணைத்து மூடிவிட்டால் தக்காளித் தண்டே வேர்விட்டு எல்லாம் வீணாகும்.

இரண்டாவது வேர் முடிச்சு நூற்புழு. சூடான மணற்பாங்கான மண்ணில் அதிகம். செடி காரணமில்லாமல் குன்றி நிற்கும், பிடுங்கினால் வேர் முழுக்க முடிச்சு முடிச்சாக வீங்கியிருக்கும். காராமணி, பட்டாணி வேரில் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தரும் நல்ல முடிச்சும் இருக்கும் என்பதால் குழம்பிவிடாதீர்கள். நன்மை செய்யும் முடிச்சு நகத்தால் சுரண்டினால் தனியே கழன்று வரும், உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நூற்புழு முடிச்சு வேரின் சதையே வீங்கியது, கழலாது. கோடை உச்சத்தில் பாத்தியை நனைத்து, நிறமில்லாத பாலித்தீன் தாளை இறுக்கி விரித்து, ஓரங்களை மண்ணால் மூடி 4 முதல் 6 வாரம் விட்டால் மேல்மண்ணில் இருப்பவை பெரும்பாலும் வெந்து சாகும். அப்புறம் சணப்பையோ செண்டுமல்லியோ ஒரு பருவம் நெருக்கமாக வளர்ப்பது எண்ணிக்கையை அடக்கி வைக்கும். வேப்பம் பிண்ணாக்கும் உதவும்.

மூன்றாவது பழ ஈ. பாகல், பீர்க்கு, வெள்ளரி, பூசணிப் பிஞ்சில் ஊசி குத்தியது போல ஒரு புள்ளி, அதில் பிசின் துளி, நாலு நாளில் காய் கோணி அழுகும், பிளந்தால் உள்ளே புழு. காய்க்குள் இருக்கும் புழுவை எந்தத் தெளிப்பும் எட்டாது, அதனால் மருந்தில் நம்பிக்கை வைக்காமல் பிஞ்சு கட்டைவிரல் அளவு ஆவதற்குள் காகித உறை போட்டுக் கட்டுங்கள். குத்துப்பட்ட காயை உரக்குழியில் போடக் கூடாது, புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி மறுபடி ஈயாக வரும். கறுப்புப் பையில் போட்டு இறுகக் கட்டி ஒன்றிரண்டு வாரம் வெயிலில் வைத்துவிட்டு அப்புறம் புதையுங்கள்.

வெள்ளை ஈ இவ்வளவு கொடியதல்ல, ஆனால் அது கொண்டுவரும் நச்சுயிரிகள் கொடியவை. தக்காளி இலை சுருண்டு செடி குட்டையாவதும், வெண்டை இலை நரம்பு மஞ்சளாவதும் அதனால்தான். நோய் வந்த செடி திரும்பாது, பிடுங்கிவிடுங்கள். நாற்று முதல் ஐந்தாறு வாரம் மெல்லிய வலைக்குள் இருந்தால் பாதி ஆபத்து போய்விடும். வறண்ட வெயிலில் சிவப்புச் சிலந்திப்பேன் வரும், இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரைப் பீய்ச்சினாலே குறையும். குளிர் முடியும் நேரத்தில் பூசணி, பட்டாணி இலைகளில் வெள்ளைப் பொடி போலப் படியும் சாம்பல் நோய்க்குப் பால் கலந்த தண்ணீர் தெளிக்கச் சொல்வார்கள், அது வெறும் பாட்டி வைத்தியம் அல்ல. பிரேசிலைச் சேர்ந்த வாக்னர் பெட்டியோல் 1999-இல் சீமைச் சுரை (சுக்கினி) வகைச் செடிகளில் சோதித்து, வாரம் ஒருமுறை 10 விழுக்காடு பால் கரைசல் தெளித்தால் நன்றாகக் கட்டுப்படுகிறது என்று காட்டினார். ஒரு பங்கு பாலுக்கு ஒன்பது பங்கு தண்ணீர், வெயில் படும் காலையில், நோய் தலைகாட்டியதுமே.

விதை வைத்திருப்பதிலும் நம் பருவநிலை தொல்லை தரும், ஈரக்காற்றில் பொட்டலத்தைத் திறந்து வைத்தால் வெங்காய விதை அடுத்த பருவத்துக்கே முளைக்காது. விதையின் ஈரம் ஒரு விழுக்காடு குறைந்தாலோ வைக்கும் இடத்தின் வெப்பம் 5 டிகிரி குறைந்தாலோ ஆயுள் இரட்டிப்பாகும் என்பது பழைய நம்பகமான கணக்கு. காற்றுப்புகாத புட்டியில், ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்களோடு, குளிர்சாதனப் பெட்டியில். எடுத்ததும் திறக்காமல் புட்டி அறை வெப்பத்துக்கு வந்த பிறகு திறங்கள், இல்லாவிட்டால் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும்.

இப்போது உங்கள் தோட்டத்தில் நிற்பவற்றுக்கு. கொத்தமல்லியை அப்படியே பூக்க விடுங்கள், அந்தப் பூவுக்கு நன்மை செய்யும் குளவிகளும் ஈக்களும் வரும், விதையைக் குளிர் பருவத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். முட்டைக்கோஸைப் பிடுங்கிவிட்டு அந்தப் பாத்தியில் காராமணியும் தண்டுக்கீரையும் போடுங்கள். தக்காளியைப் பிடுங்க வேண்டாம். இலைச் சுருட்டு இல்லாத, தண்டு திடமான செடியாக இருந்தால், இரவுகள் 21 டிகிரிக்கு இறங்குவதற்கு ஆறேழு வாரம் முன்பு அதன் பக்கக் கிளைகளில் ஒரு சாண் நீளமுள்ளவற்றை ஒடித்து, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, பூ மொட்டு இருந்தால் அதையும் கிள்ளிவிட்டு, நிழலில் ஈர மண்ணில் ஊன்றுங்கள். பத்துப் பதினைந்து நாளில் வேர் விடும், விதையிலிருந்து வருவதை விட ஒரு மாதம் முன்னதாகவே பூக்கும். வேர் பிடித்ததும் மூடாக்குப் போட்ட புதுப் பாத்தியில் நட்டுவிட்டு, தாய்ச்செடியை அதன் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.